தன் காய்ச்சலைத் தானே எழுதிய அறிஞர்: வால்டெமார் ஹாஃப்கின்

ஆலங்காயத்தைக் கடந்து ஜவ்வாது மலையில் ஏறுவோர் காவலூர் வானாய்வுக் கூடத்தின் கவிகையைக் கண்டு வியப்பர். விண்மீன்களை ஆராயும் அந்த அறிவியலைப் பற்றி நம் மலர்களில் பலமுறை எழுதப்பட்டிருக்கும். அதே மலையில் ஓசையின்றி நடந்துவரும் மற்றோர் அறிவியல் உண்டு. தோளில் குளிர்ப்பெட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு குக்கிராமத்திற்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியர், குழந்தைக்கு ஊசி போட்டபின் தாயிடம் சில செய்திகளைக் கூறுவார். இன்று போட்ட ஊசி எந்த நோயைத் தடுக்கும், இரவில் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, அடுத்த ஊசிக்கு எப்போது வரவேண்டும், அட்டையை எவ்வாறு பத்திரப்படுத்துவது என்னும் நான்கும் அவற்றுள் அடங்கும். பிறகு அரைமணி நேரம் அங்கேயே அமர்ந்திருக்கச் செய்வார்.

இவற்றுள் இரண்டாவது செய்தியே மலைநாட்டில் மிகுந்த மதிப்புடையது. புதூர்நாட்டிலோ நெல்லிவாசல்நாட்டிலோ நள்ளிரவில் குழந்தையின் உடல் அனலாகக் கொதிக்கும்போது, அது எதிர்பார்த்த காய்ச்சலா, மலையிறங்கி ஓட வேண்டிய ஆபத்தா என்பதைத் தாய் ஒருத்தியே தீர்மானிக்க வேண்டியுள்ளது. முன்னரே சொல்லப்பட்டிருந்தால் அவள் அஞ்சாள். சொல்லப்படாதிருந்தால் அவள் மட்டுமன்றி அடுத்த ஊராரும் அஞ்சுவர். ஊசியின் நன்மையோடு அதனால் வரும் துன்பத்தையும் சேர்த்தே மக்களுக்குரைக்கும் இவ்வழக்கத்தின் தொடக்க காலத்தில் நின்ற பேரறிஞர் ஒருவரின் வரலாற்றை இங்கே காண்போம். அவருக்குப் புகழைத் தந்த நாடும் இந்தியாவே. பழியைத் தந்த நாடும் இந்தியாவே.

வால்டெமார் ஹாஃப்கின் 1860ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15ஆம் நாள், அந்நாளைய ருசியப் பேரரசைச் சேர்ந்த ஒடெசா நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையார் வணிகர். ஒடெசாப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்றபோது, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மெச்னிகோவ் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். யூதர்களின் வீடுகள் சூறையாடப்பட்ட காலம் அது. தம் மக்களைக் காக்கத் திரண்ட இளைஞரணியில் சேர்ந்த ஹாஃப்கின் காயமுற்றார், சிறைப்பட்டார். ஆசிரியரின் பரிந்துரையால் வெளிவந்தார். மதம் மாறினாலன்றிப் பேராசிரியர் பதவி கிடையாது என்ற நிலையில், அதை மறுத்து நாட்டை நீங்கினார். ஜெனீவாவில் சிறிது காலம் பணியாற்றியபின் 1889இல் பாரிசு நகரின் பாஸ்டர் நிறுவனத்தை அடைந்தார். அங்கே காலியாக இருந்தது நூலக உதவியாளர் பணி மட்டுமே. பகலில் நூல்களை அடுக்கி, ஓய்வு நேரங்களில் ஆய்வுக்கூடத்தில் கிருமிகளை வளர்த்தார். கல்லூரி நூலகத்தில் பணிபுரியும் நம் நண்பர்கள் இச்செய்தியை விரும்பி நினைவிற் கொள்ளலாம்.

அந்நாளில் வாந்திபேதி எனப்படும் காலரா ஐரோப்பாவையும் ஆசியாவையும் வாட்டிக்கொண்டிருந்தது. அதன் கிருமியை ராபர்ட் காக் 1884இல் கல்கத்தாவில் உறுதிப்படுத்தியிருந்தார். அதைத் தடுக்க அனைவரும் ஏற்ற ஊசி ஏதும் இருந்ததில்லை. ஹாஃப்கின் விலங்குகளிடம் சோதித்துத் தேர்ந்த மருந்தை, 1892ஆம் ஆண்டு சூலை 18ஆம் நாள் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். காய்ச்சலும், ஊசி ஏறிய இடத்தில் வலியும் உண்டாயின. சில நாட்களில் அவை தணிந்தன. அம்மாதம் 30ஆம் நாள் பாரிசு உயிரியல் கழகத்தில் தம் முடிவுகளை அறிவித்தபோது, தமக்கு நேர்ந்த துன்பங்களையும் அவர் விடவில்லை. வென்ற செய்தியும் வலித்த செய்தியும் ஒரே அறிக்கையில் இடம்பெற்றன. பின்னர் நண்பர் சிலர் அவ்வூசியை ஏற்றபோது, என்ன நேரும் என்பதை அறிந்தே ஏற்றனர்.

இந்தியாவில் வைசிராயாக இருந்து, அப்போது பாரிசில் பிரிட்டிஷ் தூதராக விளங்கிய டஃபரின் பிரபு, ஹாஃப்கினின் ஆய்வுக்கு ஏற்ற களம் இந்தியாவே என்று கருதி வழிசெய்தார். 1893 மார்ச்சில் ஹாஃப்கின் கல்கத்தாவில் வந்திறங்கினார். மருத்துவப் பட்டம் இல்லாதவர், விலங்கியலார், ருசிய நாட்டார், யூதர். அரசு மருத்துவர் பலர் அவரை ஐயுற்றதற்கு இவற்றுள் ஒன்றே போதுமானதாக இருந்தது. மக்கள் ஐயுற்றதோ வேறு காரணத்தால். நலமாக இருப்பவன் உடலில் நோய்க்கிருமியை ஏற்றுவது எந்த முறையில் சேரும் என்று அவர்கள் வினவினர். அவ்வினாவை அறியாமை என்று தள்ளிவிடுதல் நேர்மையன்று.

1894இல் கல்கத்தாவின் காட்டல் பாகான் குடிசைப் பகுதியில் காலரா தோன்றிற்று. சௌத்ரி, கோஷ், சட்டர்ஜி, தத் என்னும் வங்காள மருத்துவர் நால்வருடன் ஹாஃப்கின் அங்கே சென்றார். கூட்டத்தார் கல்லெறிந்தனர் என்றும், அவர் சட்டையை உயர்த்தித் தம் விலாவில் ஊசி போடுமாறு உடன்வந்த மருத்துவரைப் பணித்தார் என்றும், அதைக் கண்டபின் மக்கள் நெருங்கி வந்தனர் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். ஏறத்தாழ 200 பேரில் 116 பேர் ஊசி ஏற்றுக்கொண்டனர். அதன்பின் அங்கு நோயுற்று மடிந்தோர் யாவரும் ஊசி ஏற்காதவர்களே. அங்கிருந்து அசாமின் தேயிலைத் தோட்டங்கள்வரை அவர் பணி பரந்தது. 1895க்குள் நாற்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் ஊசி பெற்றனர். வற்புறுத்தலின்றி விரும்பி வந்தோர்க்கு மட்டுமே ஊசி என்பதை அவர் விதியாகக் கொண்டிருந்தார்.

1896இன் பிற்பகுதியில் பம்பாயில் பிளேக் புகுந்தது. அக்டோபரில் ஹாஃப்கின் அங்கே அனுப்பப்பட்டார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும், எழுத்தர் ஒருவரும் ஏவலர் மூவருமே அவருக்குக் கிடைத்தவை. மூன்றே திங்களில் மருந்தை உருவாக்கினார். அதன் செய்முறையில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. கிருமியை வளர்க்கும் சாற்றுக்கு மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் வேண்டா என விலக்கி ஆட்டிறைச்சியைப் பயன்படுத்தினார். சாற்றின் மேற்பரப்பில் நெய்த்துளிகளை மிதக்கவிட்டார். அவற்றைப் பற்றிக்கொண்டு கிருமிகள் விழுதுபோல் கீழ்நோக்கி வளர்ந்தன. பின்னர் வெப்பத்தால் அவற்றைக் கொன்று, கார்பாலிக் அமிலம் சேர்த்துக் குப்பிகளில் அடைத்தனர். மருந்தில் விலக்கப்பட்ட இறைச்சி கலந்துள்ளது என்னும் வதந்திக்கு, அதில் என்ன இருக்கிறது என்பதை மறைவின்றிக் காட்ட இயன்றது இவ்வாறே.

1897 சனவரி 10ஆம் நாள் மீண்டும் தம் உடலையே முதற்களமாக்கினார். பிறருக்குத் தரவிருந்த அளவைவிடப் பன்மடங்கு மிகுதியாகத் தமக்கு ஏற்றிக்கொண்டதால் கடுங்காய்ச்சல் கண்டது. அம்மாத இறுதியில் பைகுல்லாச் சிறையில் நோய் தோன்றவே, விருப்பம் தெரிவித்த கைதிகளுக்கு ஊசி போடப்பட்டது. ஊசி பெறாதோரிடையே நோயும் சாவும் கூடுதலாக இருந்தன. இம்மருந்து முழுக்காப்பு அளிப்பதன்று. நோய் வரும் வாய்ப்பைக் குறைப்பது. ஓரிரு நாள் காய்ச்சலும் வீக்கமும் தவறாமல் வரும். இன்றைய தடுப்பூசிகளோடு ஒப்பிட்டால் அதன் துன்பம் பெரிது.

அரசின் போக்கோ இதற்கு நேர்மாறானது. 1897இல் இயற்றப்பட்ட கொள்ளைநோய்ச் சட்டத்தின் துணையோடு அலுவலரும் படைவீரரும் வீடுகளிற் புகுந்தனர்; நோயுற்றோரைப் பிரித்துச் சென்றனர்; புகைவண்டி நிலையங்களில் பெண்களைச் சோதித்தனர். அவ்வாண்டு சூன் 22இல் புனே நகரின் பிளேக் அதிகாரி ராண்டு சுடப்பட்டார். அச்சமும் சினமும் மண்டிய அந்த நாட்களில் ஊசியும் அதிகாரத்தின் கருவியாகவே பலருக்குத் தோன்றிற்று.

அப்போது பம்பாயில் ஹாஃப்கினுக்குத் துணைநின்றவர், இருபது வயதை எட்டிக்கொண்டிருந்த மூன்றாம் ஆகா கான் சுல்தான் முகம்மது ஷா ஆவார். பின்னாளில் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் உருவாக நிதி திரட்டிய தலைவர் அவரே. தம் இஸ்மாயிலி சமூகத்தார் ஊசிக்கு அஞ்சுவதைக் கண்ட அவர், அறிவுரையோடு நின்றுவிடவில்லை. மக்கள் பார்க்கத் தாமே ஊசி போட்டுக்கொண்டார். ஒருமுறையன்றிப் பலமுறை போட்டுக்கொண்டார். மறுநாளும் அவர் உலவுவதைச் சமூகத்தார் கண்ணாரக் கண்டனர். ஆய்வுக்கூடத்திற்கு இடம் போதாமையால் தமக்குரிய குஷ்ரு மாளிகையையும் வழங்கினார். சமூகத்தின் பெரும்பகுதியினர் ஊசி ஏற்றுக்கொண்டனர். 1954இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் ஆகா கான் இந்நிகழ்ச்சியை நினைவுகூர்ந்துள்ளார். சமூகப் பெரியோர் ஒருவர் தம் கையை நீட்டுவது எத்தனை துண்டறிக்கைகளுக்கு ஈடாகும் என்பதை இதைப் படிப்போர் எண்ணிப் பார்க்கலாம்.

1899இல் பரேலில் இருந்த பழைய ஆளுநர் மாளிகை பிளேக் ஆய்வுக்கூடமாயிற்று. ஹாஃப்கின் அதன் இயக்குநரானார். பேரரசியின் விருது முன்னரே வந்துவிட்டது. குப்பிகள் நாடெங்கும் சென்றன. பஞ்சாபில் நோய் முற்றியபோது அம்மாகாண அரசு மாபெரும் ஊசித் திட்டத்தை வகுத்தது. தேவை பெருகவே, உற்பத்தியை விரைவுபடுத்தும் பொருட்டு ஹாஃப்கின் செய்முறையில் மாற்றம் செய்தார். கார்பாலிக் அமிலத்தை நீக்கி, வெப்பத்தையே நம்பும் முறையைக் கைக்கொண்டார். பாஸ்டர் நிறுவனத்திலும் வழங்கிய முறைதான் அது.

1902ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், இன்று பாகிஸ்தானத்தைச் சேர்ந்த மல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. அவர்களுள் 19 பேர் சில நாட்களில் தாடை இறுகி, உடல் வில்லாய் வளைந்து மாண்டனர். அது பிளேக் அன்று. டெட்டனஸ் என்னும் இரண ஜன்னி. மாண்ட 19 பேருக்கும் மருந்து ஒரே குப்பியிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. 53 என் என்பது அக்குப்பியின் குறி. அன்று திறக்கப்பட்ட மற்றக் குப்பிகளிலிருந்து ஊசி பெற்ற 88 பேருக்கு அத்தகைய தீங்கு எதுவும் நேரவில்லை.

19 குடும்பங்களில் ஒப்பாரி எழுந்த அந்நாளில், அங்குள்ள மக்கள் கேட்டிருக்கக்கூடிய வினா எளிது: என்ன நடந்தது? அதற்கு உரிய காலத்தில் விடை கிட்டவில்லை. பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி தலைமையில் விசாரணைக்குழு அமைந்தது. குப்பி மல்கோவாலில் திறக்கப்படுமுன்பே, பரேல் ஆய்வுக்கூடத்திலேயே மாசுற்றிருக்க வேண்டும் என்று குழு முடிவு செய்தது. கார்பாலிக் அமிலத்தை விட்டது பெருங்குற்றமாகத் தோன்றிற்று. ஹாஃப்கின் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். 1904இல் இலண்டன் சென்றார். விசாரணைத் தாள்களோ கோப்புகளிற் கிடந்தன. 1906இன் இறுதியில்தான் அவை அரசிதழில் வெளிவந்தன. ஊர்மக்கள் இறந்து நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன.

வெளிவந்தபின் நடந்ததே இவ்வரலாற்றின் திருப்பம். தாள்களைப் படித்தறிந்த அறிஞர்கள், அவற்றிலிருந்த சாட்சியங்களே முடிவுக்கு மாறாக நிற்பதைக் கண்டனர். குப்பியைத் திறக்கும்போது உதவியாளரின் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்திருந்தது. மண்ணில் இரண ஜன்னிக் கிருமி வாழும் என்பது தெரிந்ததே. அவ்விடுக்கி தீயிலோ கொதிநீரிலோ தூய்மை செய்யப்படாமல், கிருமிநாசினி நீரில் அலசப்பட்டு, அதைக்கொண்டே தக்கை எடுக்கப்பட்டது. மேலும், பரேலில் அடைபட்டு 41 நாட்கள் குப்பிக்குள் அக்கிருமி வளர்ந்திருந்தால், திறந்தவுடன் தீநாற்றம் வீசியிருக்க வேண்டும். அத்தகைய நாற்றம் அறியப்படவில்லை. மலேரியாவும் கொசுவும் பற்றிய ஆய்வைச் சிக்கந்தராபாத்தில் நிகழ்த்தி 1902இல் நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் ராஸ், ஹாஃப்கினுக்காக வாதாட எழுந்தார். 1907 சூலை 29ஆம் நாள் இலண்டன் டைம்ஸ் நாளிதழில், அவரும் சிம்சனும் உள்ளிட்ட பத்து அறிஞர்கள் கையொப்பமிட்ட மடல் வெளியாயிற்று. பரேல் ஆய்வுக்கூடத்தின் மீதான குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை என்று அது நிறுவியது. பிரான்சில் யூதப் படையதிகாரி டிரைஃபஸ் அடைந்த அநீதியோடு இதனை ஒப்பிட்டுப் பேசினோரும் உண்டு. அவ்வாண்டின் பிற்பகுதியில் அரசு ஹாஃப்கினை மீண்டும் பணிக்கு அழைத்தது.

ஆனால் அதே 1907இல் பிளேக் இந்தியாவில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. பஞ்சாபே மிகக் கொடிய அடியைத் தாங்கியது. மல்கோவாலுக்குப்பின் அங்கு ஊசித் திட்டம் குலைந்திருந்தது. மக்கள் முன்பு அஞ்சியது காய்ச்சலுக்கு. அதை ஹாஃப்கின் சொல்லியே கொடுத்தார், மக்களும் பொறுத்துக்கொண்டனர். இப்போது அஞ்சியது விடைதெரியாச் சாவுக்கு. ஒரு குப்பியில், ஓர் ஊரில், ஓர் இடுக்கியால் நேர்ந்திருக்கக்கூடிய பிழை என்று அக்கணமே ஆராய்ந்து ஊரறியச் சொல்லியிருந்தால் எத்தனை பேர் மீண்டும் கை நீட்டியிருப்பர் என்று கணக்கிட இயலாது. நான்கு ஆண்டு மௌனம் ஊசியின் மேலிருந்த நம்பிக்கைக்கு உதவவில்லை என்பது மட்டும் உறுதி. மறைத்தவர்கள் ஊசியைக் காப்பதாக எண்ணியிருக்கலாம்.

இது பழங்கதையன்று. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி பெற்ற நான்கு குழந்தைகள் ஒரே நாளில் இறந்தன. அதன்பின் தமிழகத்தில், ஊர்தோறும் சென்று போடப்பட்டுவந்த ஊசி, சில காலம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மட்டுமே போடப்பட்டது. பாதுகாப்புக் கருதிய ஏற்பாடே எனினும், ஜவ்வாது மலை போன்ற இடங்களில் அதன் பொருள், கைக்குழந்தையுடன் நெடுந்தொலைவு நடை என்பதாகும். 2021 ஏப்ரல் 15ஆம் நாள் கொரோனாத் தடுப்பூசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக் 17ஆம் நாள் காலமானார். தமிழ்நாடே அதைப் பற்றிப் பேசியது. அவர் மறைவுக்கு ஊசி காரணமன்று என்னும் தேசியக் குழுவின் முடிவு அக்டோபரில்தான் மக்களை எட்டியது. இடையிலிருந்த ஆறு மாதங்களில் வதந்தி ஓய்ந்திருக்கவில்லை. ஊசிக்குப்பின் நிகழ்ந்தது எல்லாம் ஊசியால் நிகழ்ந்ததாகாது. ஆராய்ந்தாலன்றி இரண்டையும் பிரிக்க முடியாது; ஆராய்ந்ததைச் சொன்னாலன்றிப் பிரித்தும் பயனில்லை. ஊசிக்குப் பிந்தைய பாதக நிகழ்வுகளைப் பதிந்து ஆராய இன்று மாவட்டந்தோறும் குழுக்கள் உண்டு. மல்கோவாலில் அப்படி எதுவும் இருந்ததில்லை.

பணிக்குத் திரும்பிய ஹாஃப்கினுக்குப் பரேல் கிட்டவில்லை. அங்கே வேறொருவர் அமர்ந்திருந்தார். கல்கத்தாவில் ஓர் ஆய்வுக்கூடம் அளிக்கப்பட்டது. அங்கே மருந்து உருவாக்கும் வசதி இல்லை. மக்களிடையே புதிய சோதனைகளுக்கும் இசைவு தரப்படவில்லை. தம் கையாலும் தம் உடலாலும் ஆய்வு செய்து பழகியவர் ஏட்டாய்வோடு அமைய நேர்ந்தது. பழி நீங்கியும் பணி திரும்பவில்லை என்றே கூறவேண்டும். 1914இல் ஓய்வு பெற்று ஐரோப்பா திரும்பினார். தம் சமயக் கல்வியில் நாட்டம் பெருகி, தம் செல்வத்தை யூத சமயக் கல்விக்கூடங்களுக்கு உரிமையாக்கினார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

1925இல் பரேல் ஆய்வுக்கூடத்திற்கு ஹாஃப்கின் நிறுவனம் எனப் பெயரிடப்பட்டது. அப்போது அவர் உயிரோடிருந்தார். அச்செய்தி அவரை எட்டியது. 1930ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார். மல்கோவால் நிகழ்ச்சியின் இருபத்தெட்டாம் ஆண்டு நிறைவுக்கு நான்கு நாட்கள் எஞ்சியிருந்தன. 1964இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.